நல்ல வாடிக்கையாளர் பேச்சைக் கேட்டுத் தோற்கும் நிறுவனங்கள்

ஒரு பெரிய நிறுவனம் புதுத் தொழில்நுட்பத்திடம் தோற்றுப்போனால், மெத்தனமாக இருந்துவிட்டார்கள் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பல சமயம் அந்தத் தொழில்நுட்பத்தை முதலில் செய்து பார்த்ததே அவர்கள்தான்.

ஹார்ட் டிஸ்க் வரலாற்றைப் பாருங்கள். 1980இல் சீகேட் நிறுவனம் 5.25 அங்குல டிஸ்க்கைக் கொண்டுவந்தது, கொள்ளளவு வெறும் 5 மெகாபைட். அப்போது மினி கம்ப்யூட்டர்களில் (பெயரில்தான் மினி, மேசைக் கணினியைவிடப் பெரியவை) இருந்த 8 அங்குல டிஸ்க்குகளில் அதைவிடப் பல மடங்கு இடம் உண்டு, ஒரு மெகாபைட்டுக்கு ஆகும் செலவும் குறைவு. அதனால் மினி கம்ப்யூட்டர் தயாரிப்பாளர்கள் சின்ன டிஸ்க்கைச் சீண்டவில்லை, அவர்களுக்கு விற்றுக்கொண்டிருந்த 8 அங்குலக்காரர்களும் கேட்டதைச் செய்து கொடுப்போம் என்று பெரிய டிஸ்க்கிலேயே கவனம் வைத்தார்கள். ஆனால் மேசைக் கணினிக்கு அந்தச் சின்ன டிஸ்க் போதும். அங்கே விற்று விற்று அதன் கொள்ளளவு ஏறிக்கொண்டே போனது, அதுவும் மினி கம்ப்யூட்டரின் தேவை வளர்ந்ததைவிட வேகமாக. இரண்டும் சந்தித்த பிறகு பெரிய டிஸ்க்கை யார் வாங்குவார்கள்?

அப்புறம் அதே சீகேட்டுக்கும் இதுதான் நடந்தது. 1980களின் நடுவில் 3.5 அங்குல மாதிரிகளைச் செய்து வாடிக்கையாளர்களிடம் காட்டினார்கள், அவர்களோ கொள்ளளவுதான் முக்கியம் என்றார்கள், திட்டம் கிடப்பில் போனது. சீகேட்டைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஃபினிஸ் கானர் ஆரம்பித்த கானர் பெரிஃபெரல்ஸ், அந்த அளவு டிஸ்க்கைக் கையோடு எடுத்துச் செல்லும் கணினிகள் செய்த காம்பேக் நிறுவனத்துக்கு விற்று வேகமாக வளர்ந்தது. பிற்பாடு 1996இல் சீகேட் அந்த நிறுவனத்தையே விலைக்கு வாங்கியது.

வாடிக்கையாளர் சொல்வதைக் கேட்பது நல்ல பழக்கம்தான், ஆனால் இன்றைய வாடிக்கையாளருக்கு இன்றைய தேவைதான் தெரியும்.

இதோடு லாபக் கணக்கும் சேர்ந்துகொள்ளும்போதுதான் நிலைமை மோசமாகிறது. ஃபிலிம் தொழிலில் கொடிகட்டிப் பறந்த கோடாக் நிறுவனத்தின் பொறியாளர் ஸ்டீவன் சாசன் 1975இல் செய்த டிஜிட்டல் கேமராவின் எடை சுமார் 3.6 கிலோ, படம் 0.01 மெகாபிக்சல், அதைக் கேசட்டில் பதிய 23 விநாடி. கோடாக் பின்னாளில் டிஜிட்டலில் நிறையவே பணம் போட்டது. ஆனால் எடுக்கும் ஒவ்வொரு படத்துக்கும் ஃபிலிம், ரசாயனம், தாள் என்று மறுபடி மறுபடி காசு வந்த தொழிலில், கேமராவை ஒருமுறை விற்பதோடு வரவு நின்றுபோகும் ஒன்றை முன்னே தள்ளச் சொன்னால் எந்த மேலாளர் கையெழுத்துப் போடுவார்? 2012 ஜனவரியில் நிறுவனம் திவால் பாதுகாப்பு கோரியது.

ஜப்பானிய ஃபிலிம் நிறுவனமான ஃபியூஜிஃபிலிமுக்கும் அதே அடிதான் விழுந்தது. ஆனால் அவர்கள், ஃபிலிம் போனாலும் ஃபிலிம் செய்யக் கற்ற வித்தை வேறு எங்கே செல்லும் என்று தேடினார்கள். மெல்லிய படலம் செய்யும் திறமை எல்சிடி திரைகளுக்குள் போகும் பாதுகாப்புப் படலமாக மாறியது, ஃபிலிம் செய்யப் பயன்பட்ட கொலாஜன் என்ற புரதம் பற்றிய அறிவு 2007இல் சருமப் பராமரிப்புப் பொருட்களாக வந்தது. கோடாக்கிடமும் அப்படிப்பட்ட வித்தை இருந்தது, ஆனால் தன் ரசாயனப் பிரிவை அது 1994லேயே தனி நிறுவனமாகப் பிரித்து விட்டிருந்தது.