சின்ன ஆம்ப்ளிஃபயரும் பெரிய ஸ்பீக்கரை எரிக்கும்

இந்த மாதமும் அதே வேலைதான் வந்திருக்கிறது. மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து ஒரு ஜோடி டவர் ஸ்பீக்கர். இரண்டிலும் கூரிய ஒலிகளைத் தரும் சின்ன ட்வீட்டர் போய்விட்டது, தாழ்ந்த ஒலிகளைத் தரும் பெரிய ஊஃபருக்கு ஒன்றும் ஆகவில்லை. வளைகுடாவில் உழைத்துச் சேர்த்த பணத்தில் வாங்கி, பால்காய்ப்புக்கு (புதுமனை புகுவிழாவுக்கு) முந்தைய நாள் ஹாலில் நிறுத்தியிருக்கிறார்கள். வெளியே பந்தலில் இருப்பவர்களுக்கும் கேட்கட்டும் என்று யாரோ வால்யூமைத் திருப்பியிருக்கிறார்கள். கொண்டுவந்தவர் கேட்ட கேள்வி எனக்கு மனப்பாடம்: "ஸ்பீக்கர் 200 வாட், ஆம்ப்ளிஃபயர் வெறும் 60 வாட். அது எப்படி அண்ணாச்சி எரிக்கும்? ஸ்பீக்கர் போலியாகத்தான் இருக்கும்."

ஸ்பீக்கர் அசல்தான். 60 வாட் ஆம்ப்ளிஃபயர்தான் அதை எரித்தது. சின்ன ஆம்ப்ளிஃபயர் பாதுகாப்பானது என்ற இந்த நம்பிக்கையை நாகர்கோவில் முதல் களியக்காவிளை வரை கேட்டுவிட்டேன். இது இன்னும் எத்தனை ட்வீட்டரைத் தின்னப்போகிறதோ.

60 வாட் என்பது அந்த ஆம்ப்ளிஃபயர் ஒலியலையைச் சிதைக்காமல் தரக்கூடிய அளவு. அதற்கு மேல் திருப்பினால் அது 60 வாட்டில் அடங்கி நின்றுவிடாது. அலையின் உச்சிகள் மட்டும் வெட்டுப்பட்டுத் தட்டையாகும். உச்சி முழுதாகத் தட்டையாகிச் சதுர அலையாகிவிட்டால், அதே உயரத்தில் இரண்டு மடங்கு திறன் வெளியே போகும். அதாவது 60 வாட் பெட்டியிலிருந்து 120 வாட். இதைவிடக் கெடுதல் ஒன்று உண்டு. உச்சிகள் வெட்டுப்பட்டு அதே உயரத்தில் நிற்கும்போது, பாட்டின் மெல்லிய பகுதிகளும் ட்வீட்டருக்குப் போகும் கூரிய ஒலிகளும் வால்யூமோடு சேர்ந்து ஏறிக்கொண்டே இருக்கும். வெட்டுப்பட்ட அலை தன் பங்குக்குப் புதிய உயர் அதிர்வெண்களையும் உண்டாக்கும். அவ்வளவும், ஒலியைப் பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவர் வழியாக நேரே ட்வீட்டரில் இறங்கும். 200 வாட் என்று பெட்டியின் பின்னால் எழுதியிருப்பது முழுப் பெட்டிக்கு, அதுவும் இயல்பான இசையில், ஆற்றலின் பெரும்பகுதி ஊஃபருக்குப் போகும் என்ற கணக்கில். ட்வீட்டரை அதிரவைக்கும் வாய்ஸ் காயில் என்ற சுருளில் இருப்பது தலைமுடி போன்ற கம்பி. தொடர்ந்து சில வாட்டுகள் இறங்கினாலே அது சூடேறி அறுந்துவிடும்.

இதைக் கேட்டுவிட்டு நாளைக்கே 500 வாட் ஆம்ப்ளிஃபயர் வாங்கப் புறப்படாதீர்கள். அதிலும் கட்டுப்பாடில்லாமல் திருப்பினால் ஊஃபர் போகும். ஒலி கரகரக்கத் தொடங்கியதும் வால்யூமைக் குறைக்கும் கைதான் ஸ்பீக்கருக்குப் பாதுகாப்பு. அந்தக் கை வீட்டு விசேஷ நாளில் உங்களுடையதாகவே இருக்கட்டும், தயவுசெய்து.

ஜோடி சேர்க்கும்போது வாட்டைக் கடைசியில் பாருங்கள். முதலில் பார்க்க வேண்டியது சென்சிட்டிவிட்டி. 2.83 வோல்ட் கொடுத்து 1 மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் வருகிறது என்ற எண் அது. 3 டெசிபல் குறைந்தால், அதே சத்தத்துக்கு இரண்டு மடங்கு வாட் வேண்டும். 10 டெசிபல் குறைந்தால் பத்து மடங்கு. பி.பி.சி. 1970-களில் தன் ஒலிபரப்பு வண்டிகளுக்காக வடிவமைத்த எல்எஸ்3/5ஏ என்ற சின்ன ஸ்பீக்கர் சுமார் 83 டெசிபல்தான். அமெரிக்காவின் கிளிப்ஷ்ஹார்ன் 105 டெசிபல் என்று அதன் தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். இரண்டுக்கும் இடையே 22 டெசிபல், வாட் கணக்கில் 150 மடங்குக்கும் மேல். 8 வாட் தரும் ஒற்றை வால்வு (வெற்றிடக் குழாய்) ஆம்ப்ளிஃபயர் கிளிப்ஷ்ஹார்னில் வீட்டையே நிறைக்கும், எல்எஸ்3/5ஏ-யில் மூச்சுவாங்கும். இரண்டுமே உலகம் மதிக்கும் ஸ்பீக்கர்கள். ஒன்றுக்குப் பொருந்தியது மற்றதற்குப் பொருந்தாது, அவ்வளவுதான். இன்னொன்றையும் கவனியுங்கள். ஓம் என்பது ஸ்பீக்கர் மின்னோட்டத்துக்குக் காட்டும் தடையின் அளவு. 2.83 வோல்ட் என்பது 8 ஓமில் 1 வாட், 4 ஓமில் 2 வாட். எனவே 4 ஓம் ஸ்பீக்கரின் 89 டெசிபலை 8 ஓம் ஸ்பீக்கரின் 89 டெசிபலோடு ஒப்பிடும்போது முன்னதிலிருந்து 3 டெசிபல் கழித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது ஓம். பெட்டியில் 8 என்று போட்டிருப்பது ஒரு பெயரளவு எண். அதிர்வெண்ணுக்கு ஏற்ப அது ஏறி இறங்கும். விலை உயர்ந்த டவர் ஸ்பீக்கர்களில் பேஸ் (தாழ்ந்த ஒலி) பகுதியில் 3 ஓம் வரைக்கும் இறங்குபவை உண்டு. அந்த இடத்தில் ஆம்ப்ளிஃபயருக்கு மின்னோட்டம் கொடுக்கும் வலு வேண்டும். நல்ல பவர் சப்ளை உள்ள ஆம்ப்ளிஃபயர் 8 ஓமில் 100 வாட் என்றால் 4 ஓமில் 200-ஐ நெருங்கும். விவரத்தாளில் 4 ஓமுக்கான எண்ணே இல்லாவிட்டால், அப்படிப்பட்ட டவரை அதில் இணைக்காதீர்கள். ஹோம் தியேட்டர் ரிசீவர்களில் 'ஒரு சேனலுக்கு 150 வாட்' என்று பெரிய எழுத்தில் இருப்பதன் கீழே பொடி எழுத்தையும் படியுங்கள். 6 ஓம், 1 கிலோஹெர்ட்ஸ், ஒரே ஒரு சேனல், 10 சதவீதச் சிதைவு என்று இருக்கும். 10 சதவீதச் சிதைவில் அலை ஏற்கெனவே வெட்டுப்பட்டிருக்கிறது. ஒரு கணம் மட்டும் எட்டும் உச்சத் திறன் என்று விளம்பரத்தில் போடும் பி.எம்.பி.ஓ. என்ற எண்ணைப் பற்றிப் பேசவே வேண்டாம், கிழித்துப் போடுங்கள்.

திருவனந்தபுரத்திலோ கொச்சியிலோ போய்க் கேட்டு வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டு ஸ்பீக்கரை மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டும்போது, அரை டெசிபல், ஒரு டெசிபல் சத்தம் கூடுதலாக இருப்பதுதான் 'தெளிவாக', 'உயிரோட்டமாக' இருப்பதாகக் காதுக்குத் தோன்றும். சத்தத்தைச் சமப்படுத்திவிட்டுக் கேட்கிறேன் என்று சொல்லத் தயங்காதீர்கள். உங்கள் பணம் அது. உங்களுக்குப் பழக்கமான பாட்டையே கொண்டுபோங்கள். முடிந்தால் உங்கள் ஆம்ப்ளிஃபயரையும் எடுத்துப்போங்கள். அங்கே லட்ச ரூபாய் ஆம்ப்ளிஃபயரில் கேட்டது வீட்டு ரிசீவரில் அப்படியே வராது. டைல்ஸ் தரையும் கான்கிரீட் கூரையும் கண்ணாடி ஜன்னலுமாக இருக்கும் நம் ஹால்களில் எதுவுமே அப்படியே வராது என்பது வேறு விஷயம். கனமான திரைச்சீலையும் ஒரு ஜமுக்காளமும் போட்டுவிட்டுப் பிறகு ஸ்பீக்கரைக் குறை சொல்லுங்கள்.

குளச்சல், முட்டம் என்று கடலோரத்தில் இருப்பவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒயரைக் கழற்றி முனையைப் பாருங்கள். பச்சை பூத்திருந்தால் வெட்டிவிட்டுப் புதிதாகச் சீவிப் பொருத்துங்கள். ஒரு இழைகூடப் பக்கத்து முனையைத் தொடக்கூடாது. இடி மின்னல் தொடங்கினால் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே பிடுங்குங்கள். ஜப்பானிலிருந்து வரும் பழைய ஆம்ப்ளிஃபயர்கள் 100 வோல்ட்டுக்கானவை. பின்பக்கத் தகட்டைப் படிக்காமல் 230 வோல்ட்டில் செருகிவிட்டு, புகை வந்த பிறகு என்னிடம் தூக்கி வராதீர்கள்.

ஸ்பீக்கரைப் பழுதுபார்க்கக் கொண்டுவரும்போது ஆம்ப்ளிஃபயரையும் கொண்டுவாருங்கள். கனமாக இருக்கிறது என்று வீட்டில் விட்டுவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம். ஊஃபர் கருகியிருந்தால், ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டில் டி.சி. (நேர் மின்னோட்டம்) கசிகிறதா என்று அளந்து பார்க்காமல் நான் புது ஊஃபர் போட்டுத் தருவதில்லை. அப்படிப் போட்டால் வீட்டில் இணைத்த சற்று நேரத்திலேயே அதுவும் கருகிவிடும்.