சைட்டேஷன்: மேற்கோளா, சான்றுச் சுட்டா?

முதுநிலை மருத்துவ மாணவர் ஒருவர் தன் முதல் ஆய்வுக் கட்டுரையை என்னிடம் திருத்தக் கொண்டுவந்தார். வழிகாட்டி ஓரத்தில் 'சைட்டேஷன் இல்லை' என்று எழுதித் திருப்பியிருந்தார். மாணவர் அகராதியைப் பார்த்திருக்கிறார். அதில் 'மேற்கோள்' என்று இருந்திருக்கிறது. சரி என்று அறிமுகப் பகுதியில் ஏழெட்டு வாக்கியங்களுக்கு இரட்டை மேற்கோள் குறி போட்டு முடித்துவிட்டார். எந்தக் கட்டுரையிலிருந்து எடுத்தது என்பதற்கு மட்டும் ஓர் எண்கூட இல்லை.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். குழப்பம் சொல்லில் இருக்கிறது. இன்னொருவர் எழுதியதை எழுத்து மாறாமல் எடுத்துப் போடுவது கொட்டேஷன். இன்னொருவர் கண்டதை நம் வாக்கியத்தில் சொல்லி, அது எங்கே இருக்கிறது என்று காட்டுவது சைட்டேஷன். இலக்கியக் கட்டுரையில் இரண்டும் சேர்ந்தே வரும். மருத்துவக் கட்டுரையில் முதலாவது அபூர்வம், இரண்டாவது வரிக்கு வரி. நாம் இரண்டையும் 'மேற்கோள்' என்றே சொல்லிப் பழகிவிட்டோம்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பழைய அளவை நூல், அதாவது தருக்க நூல் வழக்கில் மேற்கோள் என்பது பிறர் சொன்னதே அல்ல. சிவஞானபோதம் என்ற சைவ சித்தாந்த நூலின் மரபில் மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்று மூன்று படி வரும். அங்கே மேற்கோள் என்றால் நாம் நிறுவப்போகும் கூற்று. அதற்குக் காரணம் காட்டுவது ஏது. அதாவது இன்று சைட்டேஷன் எந்த வாக்கியத்தைத் தாங்கி நிற்கிறதோ, அந்த வாக்கியத்துக்குப் பெயர்தான் மேற்கோள். உரையாசிரியர்கள் துணைக்கு எடுத்துக்காட்டிய பழம்பாடல் வரிகளுக்கும் அந்தப் பெயர் வந்து, பிறகு அச்சுக்காலத்தில் அந்த இரட்டைக் குறிக்கும் ஒட்டிக்கொண்டது.

சைட்டேஷன் என்ற சொல் நீதிமன்றத்திலிருந்து வந்தது. லத்தீனில் 'சிட்டாரே' என்றால் அசைத்து எழுப்புவது, கூப்பிடுவது. ஆங்கிலத்தில் முதலில் இது வழக்குமன்றத்துக்கு வரச்சொல்லும் அழைப்பாணையைக் குறித்தது. அமெரிக்காவில் போக்குவரத்துக் காவலர் கையில் கொடுக்கும் சீட்டுக்கு இன்றும் சைட்டேஷன் என்றே பெயர். ஆக, ஒரு கட்டுரையை சைட் செய்வது என்றால் அதைச் சாட்சிக் கூண்டுக்கு அழைப்பது. ரெஃபரன்ஸ் வேறு: 'திரும்பக் கொண்டுபோவது' என்ற பொருளுள்ள லத்தீன் வினையிலிருந்து பிறந்தது. வாசகரை மூலத்துக்கே திரும்ப நடத்திக்கொண்டு போகிற முகவரி அது. கட்டுரையின் உடலில் நிற்கும் எண் சைட்டேஷன். கடைசியில் அந்த எண்ணுக்கு நேரே இருக்கும் முழு விவரம் ரெஃபரன்ஸ்.

சாட்சிக்குப் பழந்தமிழில் அழகான சொல் ஒன்று உண்டு: கரி. 'இந்திரனே சாலுங் கரி' என்று குறளே சொல்கிறது. ஆனால் இன்றைக்குக் 'கரிப் பட்டியல்' என்று எழுதினால் அடுப்புக்கரி வியாபாரம் என்று நினைப்பார்கள். அதனால் அதை விட்டுவிட்டு 'சான்று' என்பதை எடுத்துக்கொள்ளலாம். சைட்டேஷனுக்குச் 'சான்றுச் சுட்டு' என்பது என் தேர்வு. அ, இ போல விரல் நீட்டிக் காட்டுவதுதானே சுட்டு? வரிக்கு மேல் நிற்கும் அந்தச் சின்ன எண்ணும் அதையேதான் செய்கிறது.

ரெஃபரன்ஸ் பட்டியலுக்குத் தமிழ்நாட்டு ஆய்வேடுகளில் 'துணைநூற்பட்டியல்' என்று போடுகிறார்கள். மருத்துவத்துக்கு அது ஒத்துவராது. படித்ததையெல்லாம் துணைநூற்பட்டியலில் சேர்க்கலாம். மருத்துவ இதழின் பட்டியலில் உடலில் சுட்டியவை மட்டுமே இருக்க வேண்டும். அதோடு, அவற்றில் பெரும்பாலானவை நூல்களே அல்ல. இலங்கையில் வழங்கும் 'உசாத்துணை' இதைவிட நல்ல சொல். உசாவுதல் என்றால் கேட்டறிதல். போய்க் கேட்டுத் தெரிந்துகொள்ளத் துணை. இங்கும் எடுத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் 'சான்றுப் பட்டியல்' என்றே சொல்லலாம்.

இந்தப் பட்டியலை எப்படி அடுக்குவது என்பதற்கு மருத்துவ இதழ்களில் பரவலாக இருப்பது வான்கூவர் முறை. 1978இல் சில மருத்துவ இதழ்களின் ஆசிரியர்கள் கனடாவின் வான்கூவர் நகரில் கூடி ஒரு பொது முறைக்கு ஒத்துக்கொண்டார்கள்; 1979இல் அது வெளியானது. தட்டச்சுக் காலம் அது. ஓர் இதழ் கட்டுரையைத் திருப்பி அனுப்பினால், அடுத்த இதழின் முறைக்கு முழுப் பட்டியலையும் மறுபடி அடிக்க வேண்டும். அந்தக் கூட்டம்தான் பிறகு பன்னாட்டு மருத்துவ இதழாசிரியர் குழு ஆனது. விதி எளிது. கட்டுரையில் முதலில் எது வருகிறதோ அதற்கு 1, அடுத்ததற்கு 2. அதே சான்று பத்துப் பக்கம் கழித்து வந்தாலும் பழைய எண்தான். முன்பு சொன்ன நூலையே மறுபடி குறிக்க நம் ஆய்வேடுகளில் வரும் 'மேலது', 'மு.நூ.' எதற்கும் இங்கே வேலை இல்லை.

ஒன்றைக் கிட்டத்தில் பார்ப்போம். காசநோயாளிகளை வீட்டில் வைத்தே மருந்து கொடுத்தால் போதுமா, சானடோரியத்தில் சேர்க்க வேண்டுமா என்று சென்னையில் ஒப்பிட்டுப் பார்த்து, வீட்டுச் சிகிச்சையும் ஈடுகொடுக்கும் என்று காட்டிய புகழ்பெற்ற ஆய்வு 1959இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வந்தது. அதன் முகவரியின் வால் இப்படி இருக்கும்:

புல் வேர்ல்ட் ஹெல்த் ஆர்கன். 1959;21(1):51-144.

'புல்' என்பது புல்லட்டின். இதழ்ப் பெயரை நம் இஷ்டத்துக்குச் சுருக்க முடியாது. அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் வைத்திருக்கும் சுருக்கத்தைத்தான் போட வேண்டும். 'லான்செட்' மாதிரி ஒற்றைச் சொல் பெயரென்றால் சுருக்கமே கிடையாது. அப்புறம் ஆண்டு, அரைப்புள்ளி, 21ஆம் தொகுதி, அடைப்புக்குள் 1ஆம் இதழ், முக்காற்புள்ளி, பக்கங்கள். நடுவில் இடைவெளி விடுவதில்லை. 285இலிருந்து 287 வரை என்றால் 285-7 என்று குறுக்குவார்கள்.

இந்த ஆய்வுக்கு ஆசிரியர் பெயராக நிற்பது ஆட்களல்ல, காசநோய் வேதிச்சிகிச்சை மையம் (டியூபர்குலோசிஸ் கீமோதெரபி சென்டர்) என்ற நிறுவனம். ஒருமுறை நான் சான்றுகளை அடுக்கும் மென்பொருள் ஒன்றில் இதை ஏற்றினேன். அது கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொண்டு, 'சென்டர் டிசி' என்று ஒரு டாக்டரை உருவாக்கிவிட்டது. பட்டியலைச் சரிபார்க்காமல் அனுப்பியிருந்தால் அவர் அச்சில் பிறந்திருப்பார்.

கடைசியாக 'எட் ஆல்'. ஆசிரியர்கள் ஆறு பேருக்கு மேல் போனால் முதல் ஆறு பேரை எழுதி இதைப் போடச் சொல்லும் இதழ்கள் நிறைய. லத்தீனில் 'எட் அலியை', அதாவது மற்றவர்களும். தமிழில் 'மற்றும் பலர்' என்று சினிமா சுவரொட்டிபோல எழுதுகிறோம். இதற்குக் கைவசம் பழைய சொல்லே இருக்கிறது. பழைய உரையாசிரியர் நச்சினார்க்கினியர் சீவக சிந்தாமணி உரையில் ஒரு பாட்டு வரியைக் காட்டிவிட்டு 'என்றார் பிறரும்' என்று மேலே போய்விடுவார். யார் அந்தப் பிறர், எந்த நூல் என்று சொல்ல மாட்டார். 1887இல் சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் ஏடு ஏடாகத் தேடி அந்த வரிகளின் வீட்டைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. ஆறு பெயர்களுக்குப் பிறகு 'பிறரும்' என்று நாம் எழுதலாம். நச்சினார்க்கினியர் விட்டுவிட்ட ஆண்டு, தொகுதி, பக்கம் மூன்றும் அதே வரியில் வந்துவிடும்.