உளுந்துக்கு மாறுகிறீர்களா? முதலில் அடங்கலைப் பாருங்கள்

நெல்லையே திரும்பத் திரும்பப் போடாமல் பயறு, சிறுதானியம், எண்ணெய்வித்துக்கு மாறச் சொல்கிறது அரசு. தண்ணீர் மிச்சம், மண்ணுக்கும் நல்லது. 2023-24 தமிழக வேளாண் பட்ஜெட்டில் சிறுதானிய இயக்கம் அறிவித்தார்கள். பயறு விதைக்கும் மானியம் உண்டு. துண்டறிக்கையில் வருவது இவ்வளவுதான். மாறியவர் எங்கே அடிபடுகிறார் என்பது அதில் வராது.

விதையிலிருந்தே தொடங்குகிறது. டெல்டாவில் சம்பா அறுவடைக்கு ஏழு முதல் பத்து நாள் முன்பு, வயல் மெழுகுப் பதத்தில், அதாவது மண் மெழுகுபோல ஈரமாக இருக்கும்போது உளுந்தைத் தெளித்துவிட வேண்டும். அந்தப் பதம் யாருக்காகவும் காத்திருக்காது. வேளாண் துறை விதை டெப்போவிலோ "ஸ்டாக் வரலை, அடுத்த வாரம் வாங்க" என்பார்கள். மார்கழியிலேயே உதவி வேளாண் அலுவலரிடம் (ஏ.ஏ.ஓ.) பெயர் கொடுங்கள், அரசின் உழவன் செயலியிலும் பதியுங்கள். விதையோடு நுண்ணூட்டத்தையும் சேர்த்துத் தலையில் கட்டினால், தனித்தனியாக பில் கேளுங்கள்.

அடுத்தது அடங்கல், அதாவது எந்த நிலத்தில் என்ன பயிர் என்று வி.ஏ.ஓ. எழுதும் பதிவேடு. பெரிய பொறி இதுதான். வயலில் உளுந்து நிற்கும், அடங்கலில் நெல் நிற்கும். நிலத்தைப் பார்க்காமல் போன பருவத்துப் பதிவையே இழுத்துவிட்டால் இந்த வினை. எனக்குத் தெரிந்த ஒருவருக்கு மழையில் பயறு மொத்தமும் போனது. "ரெக்கார்டில் நெல்தானே இருக்கு" என்று மனுவைத் திருப்பிவிட்டார்கள். பயிர் முளைத்ததுமே வி.ஏ.ஓ.விடம் அடங்கல் வாங்கி, பயிர் பெயர், சர்வே எண், பரப்பு மூன்றையும் அங்கேயே நின்று படித்துப் பாருங்கள்.

பயிர்க் காப்பீட்டில் ரபி (குளிர்காலப் பருவம்) உணவுப் பயிருக்கு நீங்கள் கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம்தான். ஆனால் அந்தப் பயிர் உங்கள் பகுதிக்கு அறிவிக்கை செய்யப்பட்டிருக்க வேண்டும். பக்கத்து பிர்க்காவில் (சில கிராமங்கள் சேர்ந்த குறுவட்டம்) இருக்கும், உங்களுக்கு இருக்காது. பணம் கட்டும் முன் கேளுங்கள். கூட்டுறவு சொசைட்டியிலோ வங்கியிலோ நெல்லுக்குப் பயிர்க்கடன் வாங்கியவர்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். கடன் கொடுத்தவர்களே நெல்லுக்கு பிரீமியம் பிடித்துவிடுவார்கள். பயிரை மாற்றினால் கடைசித் தேதிக்கு இரண்டு நாள் முன்பாவது எழுத்தில் கொடுக்க வேண்டும்.

2025-26க்கு உளுந்தின் ஆதார விலை குவிண்டாலுக்கு 7,800 ரூபாய். அந்த விலை களத்துமேட்டில் கிடைக்காது. கொள்முதல் நடக்கும் நாட்களில், ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் முன்பே பதிந்தவர்களுக்குத்தான். ஈரப்பதம் 12 சதவீதத்தைத் தாண்டினால் மூட்டை திரும்பும். அங்கேயும் முதலில் கேட்பது அடங்கல்தான்.

பட்டா இறந்துபோன அப்பா பெயரில் கிடந்தால் பருவம் தொடங்கும் முன்பே மாற்ற மனுப் போடுங்கள். வாய்மொழிக் குத்தகையில் உழுகிறவர் நிலைமை இன்னும் மோசம். வியர்வை அவருடையது, மானியம் பட்டாதாரருக்கு.

எந்த அலுவலகத்திலும் வாயால் சொன்ன பதிலோடு திரும்பாதீர்கள். மனுவை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். போட மறுத்தால் ஸ்பீடு போஸ்டில் பதிவு செய்து அனுப்பிவிட்டு, கலெக்டர் ஆபீசில் மாதாமாதம் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் அதே மனுவைக் கொடுங்கள்.