ஸ்டிக்கரில் உள்ள எச்.பி.யை நம்பி பெல்ட் கிரைண்டர் வாங்காதீர்கள்

போன செவ்வாய்க்கிழமை நாச்சியார்கோவில் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு தம்பி, உரச் சாக்கில் சுற்றிய மோட்டாரைத் தூக்கிக்கொண்டு கும்பகோணத்தில் உள்ள என் பட்டறைக்கு வந்தார். உருளைகளில் ஓடும் உப்புத்தாள் பெல்ட்டால் இரும்பைத் தேய்க்கும் பெல்ட் கிரைண்டரின் மோட்டார். வாங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. பின்மூடியைக் கழற்றியதும் வார்னிஷ் கருகிய நாற்றம் முகத்தில் அடித்தது. காயில்களின் மேல் இரும்புத் தூள் பாசி படர்ந்ததுபோலக் கறுப்பாக அப்பியிருந்தது. விரலால் வழித்துக் காகிதத்தில் கொட்டினேன். ஒரு தீப்பெட்டி நிறையத் தேறியது.

"அண்ணா, 2 எச்.பி. என்றுதான் போட்டிருந்தது. விலையும் குறைவு" என்றார். அரிவாளும் களைக்கொத்தும் செய்து விற்கலாம் என்று, அம்மாவின் தோட்டை அடகு வைத்து வாங்கியிருக்கிறார். இந்த ஆண்டில் இப்படி என்னிடம் வந்த நான்காவது மோட்டார் இது. நான்கிலும் ஒரே கதை. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் இந்த எச்.பி. (குதிரைத்திறன்) கணக்கைப் பேசிவிடுவோம். புதிதாகப் பட்டறை போடும் எல்லாரும் "எத்தனை எச்.பி. அண்ணா?" என்றுதான் கேட்கிறார்கள். அந்த எண் எங்கே எழுதியிருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. உடலில் ஒட்டிய வண்ண ஸ்டிக்கரில் என்ன வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். மோட்டாரில் ஆணியடித்துப் பொருத்திய பெயர்த்தகட்டில் வோல்ட், ஆம்பியர், நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது மூன்றும் இருக்கும். அதைப் படியுங்கள். ஒரு எச்.பி. என்பது 746 வாட். 2 எச்.பி. என்றால் அச்சில் 1,492 வாட் வெளிவர வேண்டும். அந்தத் தம்பி கொண்டுவந்த மோட்டாரின் தகட்டில் 230 வோல்ட், 5 ஆம்பியர் என்று பொறித்திருந்தது. 230-ஐ 5-ஆல் பெருக்குங்கள்: 1,150. உள்ளே போவதே அதிகபட்சம் 1,150 வாட் என்றால் வெளியே 1,492 எப்படி வரும்? அதிலும் வெப்பமாகப் போவது போக, பவர் ஃபேக்டரால் (பெருக்கி வந்த எண் முழுதும் வாட்டாகாமல்) குறைவது போக மிஞ்சுவது ஒரு எச்.பி.யை ஒட்டித்தான் இருக்கும். உண்மையான 2 எச்.பி. சிங்கிள் ஃபேஸ் மோட்டார் முழுப் பளுவில் 9, 10 ஆம்பியராவது இழுக்கும். விற்பவரோடு வாதாட வேண்டாம். கடையிலேயே கைபேசியில் இந்த ஒரு பெருக்கலைப் போட்டுப் பாருங்கள். தகடே இல்லாத மோட்டாரா, தொடாமல் திரும்பி வந்துவிடுங்கள்.

ஒரு எச்.பி. குறைவு என்று நான் சொல்லவில்லை. தொடக்கத்தில் அரிவாள், கத்தி, சிறு கருவிகளுக்கு உண்மையான 1 அல்லது 1.5 எச்.பி. தாராளம். ஒரு எச்.பி. மோட்டாரை 2 எச்.பி. என்று நம்பி அழுத்துவதால்தான் காயில் கருகுகிறது.

அடுத்தது மோட்டாரின் உடல். காற்றுப் போக ஓட்டை வைத்த மோட்டார், மாவு மில்லுக்கே சரிப்படாது. இரும்புத் தூள் பறக்கும் இடத்தில் அதை வைத்தால் விசிறியே தூளை உள்ளே இழுத்துக் காயிலில் ஊட்டும். முழுவதும் மூடி, வெளியே பின்பக்கம் விசிறி வைத்த மோட்டார்தான் வேண்டும். தகட்டில் டி.இ.எஃப்.சி. என்றோ ஐ.பி. 55 என்றோ இருக்கும். வீட்டில் சும்மா கிடக்கிறதே என்று பழைய மாவு கிரைண்டர் மோட்டாரைப் பொருத்தாதீர்கள்.

நம் காவிரி டெல்டாவுக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு. குறுவைக்கு நாற்று விட்டு பம்புசெட்டுகள் எல்லாம் ஓடும் நாளில், கிராமத்து டிரான்ஸ்ஃபார்மரில் 230 வோல்ட் 180-க்கு இறங்கிவிடும். வோல்டேஜ் குறைந்தால் மோட்டாரின் முறுக்குவிசை (சுழற்றும் பலம்) அந்த விகிதத்தின் வர்க்கத்தில் குறையும்; 180 வோல்ட்டில் கிடைப்பது 61 சதவீதம்தான். மோட்டார் முனகும், வேகம் எடுக்காது, ஆம்பியர் ஏறும். அந்த நேரத்தில் இரும்பை அழுத்தாதீர்கள். 500 ரூபாய்க்குள் கிடைக்கும் ஒரு வோல்ட் மீட்டரைப் பலகையில் மாட்டிவையுங்கள். அதற்காக வயல் இணைப்பிலிருந்து மும்முனை மின்சாரத்தை இழுக்கவும் வேண்டாம். விவசாயத்துக்குக் கொடுத்த மின்சாரத்தில் பட்டறை ஓட்டுவது 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-ஆம் பிரிவில் வரும். அபராதம் கட்டிவிட்டு வந்து அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வேகத்துக்கு வருகிறேன். 100 மில்லிமீட்டர் உருளையை 2,800 சுற்று மோட்டாரில் நேராகப் பொருத்தினால் பெல்ட் நொடிக்குச் சுமார் 14.7 மீட்டர் ஓடும். அதே உருளை 1,440 சுற்றில் 7.5 மீட்டர். கை பழகாதவருக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். இரும்பு மெதுவாகத் தேயும், ஆனால் சூடேறிப் பதம் (கடினம்) போகாது. தீட்டும்போது விளிம்பைப் பாருங்கள்: முதலில் வைக்கோல் நிறம், பிறகு பழுப்பு, பிறகு நீலம். நீலம் பாய்ந்துவிட்டால் 300 டிகிரி வரை ஏறிவிட்டது என்று பொருள். அந்த அரிவாள் ஒரு கதிர்க்கட்டு அறுப்பதற்குள் மழுங்கும். ஒவ்வொரு இழுப்புக்கும் தண்ணீரில் நனையுங்கள். கை பழகிய பிறகு 150 மில்லிமீட்டர் உருளைக்கு மாறினால் அதே மோட்டாரில் நொடிக்கு 11 மீட்டருக்கு மேல் கிடைக்கும்.

வேகத்தைக் கூட்டிக் குறைக்க வி.எஃப்.டி. (மும்முனை மோட்டாரின் வேகத்தை மாற்றும் மின்னணுப் பெட்டி) வாங்கலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் ஊரில் 2 எச்.பி. வரையிலான மும்முனை மோட்டார்கள் பெரும்பாலும் 415 வோல்ட்டுக்கு ஸ்டார் இணைப்பில் (மூன்று காயில்களின் ஒரு முனையை ஒன்றாகச் சேர்த்து) கட்டியவை. வீட்டு மின்சாரத்தில் ஓடும் சின்ன வி.எஃப்.டி. 230 வோல்ட்தான் தரும். மோட்டாரை டெல்டா இணைப்புக்கு (மூன்று காயில்களையும் முக்கோணமாகக் கட்டுவது) மாற்றாமல் ஓட்டினால் பலம் இருக்காது. முனைப்பெட்டியைத் திறந்து ஆறு வயர் வெளியே வந்திருக்கிறதா என்று பாருங்கள். மூன்றுதான் என்றால் முதலில் காயில் கட்டுபவரிடம் கொண்டு போங்கள்.

கிரைண்டரின் இரும்புச் சட்டத்தையும் உருளைகளையும் கடையில் பத்து நிமிடத்தில் சோதிக்கலாம். பிளக்கைக் கழற்றிவிட்டு, உருளையைக் கையால் சுற்றியபடி ஒரு சாக்குக்கட்டியை அருகில் பிடியுங்கள். கோடு ஒரு பக்கம் மட்டும் விழுந்தால் உருளை கோணல். அதில் பெல்ட் துடித்துக்கொண்டே ஓடும். பெல்ட்டைத் திசை திருத்தும் மேல் உருளையின் நடுப்பகுதி சற்றுப் புடைத்திருக்க வேண்டும். தட்டையாக இருந்தால் பெல்ட் ஓரத்தில் நழுவும்.

பெல்ட் அளவில் ஏமாறாதீர்கள். 2 அங்குல அகலம், 72 அங்குல நீளம், அதாவது 50-க்கு 1,830 மில்லிமீட்டர், எளிதில் கிடைக்கும் அளவு. நீளமானதால் சூடும் குறைவு. யாரும் கேள்விப்படாத நீளத்தில் பெல்ட் கேட்கும் மெஷினை வாங்கினால், ஒவ்வொரு முறையும் திருச்சிக்குச் சொல்லிவிட்டு ரோலில் வெட்டி ஒட்டித் தரச் சொல்ல வேண்டும். பணத்தை எல்லாம் மெஷினில் போட்டுவிடாதீர்கள். 60, 120, 220 கிரிட் (சொரசொரப்பின் எண்) பெல்ட்டுகளுக்கும் முகக்கவசத்துக்கும் ஒரு பங்கு ஒதுக்குங்கள். ஐப்பசி, கார்த்திகையில் பெல்ட்டைத் தரையில் போட்டால் ஒட்டு விட்டுப்போகும். பெரிய மரக் கட்டையில் தொங்கவிடுங்கள்.

இனி உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். கீற்றுக் கொட்டகையில் கிரைண்டர் வைக்காதீர்கள். வைக்கோல் போர் அருகில் கூடவே கூடாது. ஒரு தகரக் கூரையும் தீப்பொறி விழும் பக்கம் மண் நிரப்பிய ஒரு தொட்டியும் போதும். அலுமினியம் தேய்த்த அதே இடத்தில் இரும்பு தேய்க்காதீர்கள். தூள் இரண்டும் கலந்தால் ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும். கழுத்தில் துண்டு, தொங்கும் கைலி, துணிக் கையுறை மூன்றும் கிரைண்டர் முன்னால் ஆகாது. இரும்பை வைத்துத் தேய்க்கும் தாங்கிக்கும் பெல்ட்டுக்கும் இடையே 2 மில்லிமீட்டர்தான் இடைவெளி. ஓட்டத் தொடங்கும் முதல் சில நொடிகள் பெல்ட்டுக்கு நேராக நிற்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள். கண்ணாடி அணியுங்கள். கண்ணில் பட்ட துகளைப் பக்கத்துக்காரர் குண்டூசியால் எடுக்க விடாதீர்கள், கண் மருத்துவரிடம் போங்கள்.

சுவாமிமலைச் சிலைகளையும் நாச்சியார்கோவில் விளக்குகளையும் பளபளப்பாக்கும் தம்பிகளுக்குத் தனியாகச் சொல்கிறேன். சிலைக்கான உலோகக் கலவையில் ஈயம் உண்டு, பித்தளையிலும் இருக்கலாம். கைக்குட்டை கட்டினால் அந்தத் தூள் நிற்காது. என்95 முகக்கவசமாவது போடுங்கள். வேலைச் சட்டையோடு வீட்டுக்குள் போய்க் குழந்தையைத் தூக்காதீர்கள்.

அந்தத் தம்பியின் மோட்டாரை நான் மறுபடி கட்டவில்லை. கட்டினாலும் ஓட்டை வழியே தூள் போகும். பழைய மூடிய 1.5 எச்.பி. மோட்டார் ஒன்றைப் பழுது பார்த்துக் கொடுத்து, சட்டத்தில் துளை மாற்றிப் பொருத்திவிட்டேன். தகட்டில் 8 ஆம்பியர், 1,440 சுற்று. நேற்று முதல் பெல்ட்டை மாட்டும்போது அவரே 230-ஐ 8-ஆல் பெருக்கிச் சொன்னார்.