முதல் உறையிலேயே நின்றுவிடும் ஒப்பந்தப்புள்ளிகள்

அரசுப் பணிகளுக்கான ஒப்பந்தப்புள்ளி ஆவணங்களைத் தயாரித்துத் தருவது என் தொழில். என்னிடம் வருவோரில் பலரும் முதலில் கேட்பது, எவ்வளவு குறைத்து விலை போட்டால் வேலை கிடைக்கும் என்பதைத்தான். தமிழ்நாட்டில் 1998ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் குறைந்த விலைக்கு முதலிடம் தருவதால் அக்கேள்வியில் தவறில்லை. ஆனால் தகுதிச் சான்றுகளை ஓர் உறையிலும் விலையை இன்னோர் உறையிலும் தரும் இரு உறை முறையில், முதலாவதான தொழில்நுட்ப உறையில் தகுதி பெறாதவரின் விலை உறை திறக்கப்படுவதே இல்லை.

கட்டடப் பராமரிப்பில் நல்ல அனுபவமுள்ள சிறு நிறுவனம் ஒன்று, தகுதியின்மை காரணமாகக் கழிக்கப்பட்ட பின் என்னை அணுகியது. நிறுவன வரலாற்றைப் பன்னிரண்டு பக்கங்களுக்கு எழுதியிருந்தவர்கள், பணி நிறைவுச் சான்று கேட்ட இடத்தில் பணி ஆணையை இணைத்திருந்தார்கள். வேலை ஒப்படைக்கப்பட்டதற்குத்தான் பணி ஆணை சான்றாகுமேயன்றி, அது முடிக்கப்பட்டதற்கு ஆகாது. இன்னொரு பணிக்கு நிறைவுச் சான்று இருந்தும், அதில் தொகையும் முடித்த தேதியும் குறிக்கப்படவில்லை. மதிப்பிடும் அலுவலர் தம் முன்னுள்ள தகுதி நிபந்தனைகளோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்ப்பவர். எழுதாததை ஊகித்து நிரப்பிக்கொள்ள அவருக்கு அதிகாரமில்லை, அப்படிச் செய்தால் மற்றப் போட்டியாளர்கள் சும்மா விடவும் மாட்டார்கள்.

ஆகவே தகுதி நிபந்தனைகளை அதே வரிசையிலும் அதே சொற்களிலும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே சான்று இருக்கும் பக்க எண்ணைக் குறிக்கும் அட்டவணையையே நான் முதலில் தயாரிப்பேன். 'ஒத்த தன்மையுள்ள பணி' என்பது போன்ற சொற்களின் பொருள் தெளிவாக இல்லையெனில், ஒப்பந்தப்புள்ளி சமர்ப்பிக்கும் முன் நடக்கும் விளக்கக் கூட்டத்திலேயே எழுத்து மூலம் கேட்டுவிட வேண்டும். 2000ஆம் ஆண்டின் விதிகள் 2 கோடி ரூபாய் வரையிலான பணிகளுக்கு 15 நாள்களும் அதற்கு மேற்பட்டவற்றுக்கு 30 நாள்களும் ஒப்பந்தப்புள்ளி சமர்ப்பிக்கக் குறைந்தபட்ச அவகாசமாகத் தருகின்றன. சான்றில் கையொப்பமிட வேண்டிய பொறியாளர் இடமாற்றமாகியிருந்தால் அந்த 15 நாள் எதற்கும் போதாது.

ஆவணங்களை அரசின் ஒப்பந்தப்புள்ளி இணையதளத்தில் பதிவேற்றுவதிலும் கவனம் வேண்டும். விலைப்பட்டியல் கோப்பின் பெயரை மாற்றக்கூடாது. கடைசியாக, சமர்ப்பிப்பை உறுதிசெய்யும் 'ஃப்ரீஸ்' பொத்தானை அழுத்தாதவரின் ஒப்பந்தப்புள்ளி சமர்ப்பிக்கப்பட்டதாகவே கொள்ளப்படாது. நேரத்துக்குச் சர்வர் கடிகாரமே கணக்கு.

ஒப்பந்தப்புள்ளியை ஏற்பது குறித்த ஆணையால் பாதிக்கப்பட்ட போட்டியாளர், அதைப் பெற்ற 10 நாள்களுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம். அந்நிறுவனத்தாரும் அதைக் கேட்டார்கள். இணைக்காத சான்றை வைத்து எதை வாதிடுவது என்று நான் திருப்பிக் கேட்க வேண்டியதாயிற்று.