சுழலாத பந்து ஏன் ஆடுகிறது?

வாலிபால் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் நெட்டுக்கு நேராக இடம் பிடிப்பார்கள். ஸ்மாஷும் பிளாக்கும் அங்கேதான் நடக்கின்றன. நான் உட்காருவது கடைசிக் கோட்டுக்குப் பின்னால். கல்லூரி நாளிலிருந்தே அதுதான் பழக்கம். சர்வீஸ் போட்ட பந்து கையை விட்டுக் கிளம்பி எதிர்ப்பக்கம் போய்ச் சேர ஒரு விநாடிக்குக் கொஞ்சம் மேலே ஆகும். அந்த ஒரு விநாடிக்குள் என்னவெல்லாம் நடக்கிறது என்பது இங்கிருந்து பார்த்தால்தான் தெரியும். பக்கவாட்டில் உட்கார்ந்தவருக்குப் பந்து போவது தெரியும். பின்னால் உட்கார்ந்தவருக்கு அது ஆடுவதும் தெரியும்.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை. கல்லூரிப் பெண்கள் அணிகளின் இறுதிப்போட்டி. தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறும்போதே மணி இரண்டு. மைதானத்துக்குள் நுழைந்தபோது மண்ணில் தண்ணீர் தெளித்து, சுண்ணாம்புக் கோடு போட்டு முடித்திருந்தார்கள். 2.24 மீட்டர் உயரத்தில் நெட்டை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். வெயில் கண்ணில் அடிக்கக் கூடாது என்று வெளித்திடல்களை வழக்கமாக வடக்கு தெற்காகத்தான் அமைப்பார்கள். இங்கே இடம் போதாமல் கிழக்கு மேற்காகப் போட்டிருந்தார்கள். நான் மேற்குப் பக்கப் படிக்கட்டில், வெயிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். பக்கத்தில் எப்போதும் வரும் ஓய்வுபெற்ற பி.டி. மாஸ்டர்.

"டாஸ் யாரு தம்பி ஜெயிச்சா?"

"சிவப்பு ஜெர்ஸி, சார். மேற்குப் பக்கம் எடுத்திருக்காங்க."

"அப்ப முதல் செட் அவங்களுக்குத்தான்."

அப்படியே நடந்தது. சிவப்பு அணியின் 7-ஆம் நம்பர் பெண் சர்வீஸ் போட வந்தாள். பந்தைத் தாழ்வாகத் தூக்கிப் போட்டாள். உள்ளங்கையின் அடிப்பகுதியால் நடுப்பந்தில் ஒரே தட்டு. அடித்த கை அங்கேயே நின்றுவிட்டது, பந்தோடு சேர்ந்து முன்னால் போகவில்லை. பந்து துளிகூடச் சுழலாமல் போனது. அதன் மஞ்சள், நீலப் பட்டைகளைத் தனித்தனியாகப் பார்க்க முடிந்தது. நெட்டைத் தாண்டியதும் வலப்பக்கம் ஓர் அடி விலகி, எதிரணியின் லிபரோவின் (பின்வரிசையில் நின்று பந்து வாங்குகிறவள்) முன்னால் பொத்தென்று விழுந்தது. அடுத்த பந்து இடப்பக்கம் போனது. தொடர்ந்து ஐந்து புள்ளிகள்.

இரண்டாவது செட்டில் பக்கம் மாறினார்கள். அதே பெண், அதே தட்டு. பந்து மட்டும் ஒழுங்காக, சொன்ன பேச்சு கேட்கும் பிள்ளை மாதிரி நேராகப் போய் லிபரோவின் கையில் உட்கார்ந்தது. செட் நீல அணிக்கு.

அடித்த கை மாறவில்லை. அப்படியானால் மாறியது என்ன?

முதலில் பந்தைப் பார்க்கலாம். வாலிபாலின் எடை 260 முதல் 280 கிராம், சுற்றளவு 65 முதல் 67 சென்டிமீட்டர். விட்டம் சுமார் 21 சென்டிமீட்டர் வரும். கிரிக்கெட் பந்து 160 கிராம், விட்டம் 7 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், வாலிபாலின் எடை இரண்டு மடங்குகூட இல்லை. ஆனால் காற்றுக்கு அது காட்டும் பரப்பு எட்டு மடங்குக்கு மேல். அதனால்தான் காற்று சொல்வதை இந்தப் பந்து இவ்வளவு கேட்கிறது. மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் வாலிபாலைக் காற்று பின்னுக்குத் தள்ளும் விசை, பந்தின் சொந்த எடை அளவுக்கே போகலாம். சில நேரம் அதில் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். எடை அளவா, பாதிக்கும் கீழா என்பதை முடிவு செய்வது பந்தின் தோலை ஒட்டியிருக்கும் மிக மெல்லிய காற்றுப் படலம்.

வீட்டில் ஓடும் மின்விசிறியை நிறுத்திப் பாருங்கள், இறக்கையில் தூசி படிந்திருக்கும். அவ்வளவு வேகத்தில் சுற்றும் இறக்கையில் தூசி எப்படி ஒட்டிக்கொண்டிருக்கிறது? இறக்கையைத் தொட்டுக்கொண்டிருக்கும் காற்று இறக்கையோடு சேர்ந்தே சுற்றுகிறது. மேற்பரப்பைப் பொறுத்தவரை அது அசையாத காற்று. கொஞ்சம் தள்ளிப் போகப் போகத்தான் வேகம் கூடுகிறது. இந்த இடைப்பட்ட அடுக்குக்கு எல்லைப் படலம் என்று பெயர். ஜெர்மானிய அறிஞர் லுட்விக் பிராண்ட்டல் 1904-ல் இதை விளக்கினார். பந்துகள் ஏன் இப்படிப் பறக்கின்றன என்ற கேள்விக்குக் கதவு திறந்தது அங்கிருந்துதான்.

பந்து மெதுவாகப் போகும்போது இந்தப் படலம் அமைதியாக, அடுக்கடுக்காக வழுக்கிக்கொண்டு போகும். ஆனால் அதற்குத் தெம்பு குறைவு. பந்தின் இடுப்பு வரை வருவதற்குள் களைத்துப்போய்த் தோலை விட்டுப் பிரிந்துவிடும். பந்துக்குப் பின்னால் அகலமான ஒரு சுழல் பகுதி உண்டாகும். மாநகரப் பேருந்து போன பிறகு அதன் பின்னாலேயே தூசியும் காகிதமும் சுழன்றுகொண்டு வருமே, அதே சங்கதிதான். அங்கே அழுத்தம் குறைவு, அதனால் பந்து பின்னோக்கி இழுபடும். வேகம் ஓர் அளவைத் தாண்டினால் படலம் கொந்தளிக்க ஆரம்பிக்கும். கொந்தளிப்பு, வெளியே வேகமாக ஓடும் காற்றை உள்ளே கலந்து படலத்துக்குத் தெம்பு கொடுக்கும். அப்போது படலம் பந்தின் முதுகுப்பக்கம் வரை ஒட்டிக்கொண்டு போகும். பின்னால் உள்ள சுழல் பகுதி ஒடுங்கும். இழுவை சடாரென்று பாதிக்கும் கீழே போய்விடும்.

வேகம் கூடினால் இழுவை குறைகிறது என்பது கேட்கவே முரணாக இருக்கும். கோபுரம் கட்டிய அதே குஸ்டாவ் ஈஃபெல்தான், பாரிஸில் தன் காற்றுச் சுரங்கத்தில் உருண்டைகளை வைத்துச் சோதித்தபோது 1912-ல் இதைக் கண்டார். கோல்ஃப் பந்தில் குழிகள் வைப்பது இதற்காகத்தான். வழவழப்பான பந்தைவிடக் குறைந்த வேகத்திலேயே அவை கொந்தளிப்பைக் கிளப்பிவிடும். வாலிபாலில் அந்த வேலையைப் பட்டைகளுக்கு நடுவில் உள்ள பள்ளங்கள் செய்கின்றன. இப்போதைய பந்துகளின் தோலிலேயே சின்னச் சின்னக் குழிகளும் உண்டு.

எந்த வேகத்தில் இந்த மாற்றம் வரும்? வேகத்தையும் விட்டத்தையும் பெருக்கி, காற்றின் பிசுபிசுப்பைக் குறிக்கும் எண்ணால் வகுத்தால் கிடைப்பது ரெனால்ட்ஸ் எண். வாலிபால் விநாடிக்கு 15 மீட்டரில், அதாவது மணிக்கு 54 கிலோமீட்டரில் போனால் அது சுமார் 2 லட்சம். பந்தின் வகையைப் பொறுத்து, மாற்றம் நடப்பதும் ஏறக்குறைய ஒன்றரை லட்சத்திலிருந்து இரண்டரை லட்சத்துக்குள்தான். ஒரு கல்லூரிப் பெண் சுழலாமல் நிதானமாகத் தட்டும் இந்த சர்வீஸ், ஃப்ளோட் சர்வீஸ் என்பார்கள், மிகச் சரியாக இந்த எல்லைக்கோட்டின் மேலேயே பறக்கிறது! இந்த விளையாட்டில் எனக்குப் பிடித்த உண்மை இதுதான். 1895-ல் அமெரிக்காவின் ஹோலியோக்கில் வில்லியம் மார்கன் வாலிபாலை உருவாக்கியபோது எல்லைப் படலம் என்ற சொல்லே பிறந்திருக்கவில்லை. மார்கன் படித்த ஸ்பிரிங்ஃபீல்டில் பயிற்சி பெற்ற ஹாரி குரோ பக் 1920-ல் இங்கே சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். அந்தக் கல்லூரி இருக்கும் நந்தனம் பக்கம் போகும்போதெல்லாம் இது எனக்கு நினைவுக்கு வரும்.

சரி, எல்லைக்கோட்டில் பறக்கும் பந்துக்கு என்ன ஆகும்? இடப்பக்கம் ஒரு பள்ளம் காற்றின் வழியில் இருக்கிறது, வலப்பக்கம் வெறும் பட்டை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கப் படலம் கொந்தளித்துப் பின்புறம் வரை ஒட்டிப் போகும். வலப்பக்கம் சீக்கிரமே பிரிந்துவிடும். பின்னால் போகும் காற்று மொத்தமும் வலப்பக்கம் திரும்பும். காற்றை வலப்பக்கம் தள்ளிய பந்து, நியூட்டன் சொன்னபடி, இடப்பக்கம் நகரும். பறக்கும்போது பந்து மெல்ல அரைச் சுற்று திரும்பினால் பள்ளம் அடுத்த பக்கம் வந்துவிடும், விசையும் திசை மாறும். அதுதான் அந்த வளைந்து நெளிந்த ஆட்டம். வேகமாகச் சுழலும் பந்தில் பள்ளங்கள் எல்லாப் பக்கமும் மாறி மாறி வருவதால் அவற்றின் தாக்கம் சராசரியாகிக் கரைந்துபோகும். பந்து ஆட வேண்டுமானால் சுழலவே கூடாது என்பதன் காரணம் இது.

பொத்தென்று விழுவதற்கும் இதுவே விளக்கம். கிளம்பும்போது பந்து கொந்தளிப்பு எல்லைக்கு மேலே, குறைந்த இழுவையில் போகிறது. வழியில் வேகம் குறைந்து எல்லைக்குக் கீழே வந்ததும் இழுவை திடீரென்று இரண்டு மடங்குக்கு மேல் ஏறுகிறது. எதிரே நிற்பவர் கண்ணுக்கு, நன்றாக வந்துகொண்டிருந்த பந்து முன்னாலேயே செத்து விழுகிற மாதிரி தெரியும். கண் பார்த்துக் கை அசைய ஏறக்குறைய 0.2 விநாடி ஆகும். அதற்குள் பந்து இரண்டரை மீட்டர் வந்துவிடும். கடைசி இரண்டரை மீட்டரில் நடக்கும் மாற்றத்துக்குப் பதில் சொல்ல உடம்புக்கு நேரமே இல்லை. நல்ல லிபரோக்கள் அந்த மாற்றம் நடக்கும் முன்பே ஓரடி முன்னால் ஏறி விரல்களால் பந்தை எடுப்பது இதனால்தான்.

எகிறிக் குதித்துப் பலமாக அடிக்கும் ஜம்ப் சர்வீஸின் அறிவியல் வேறு. 2019-ல் சென்னை ஸ்பார்டன்ஸ் கோப்பை வென்ற புரோ வாலிபால் லீக் இறுதியாட்டம் நேரு உள்விளையாட்டரங்கில் நடந்தது. அந்தத் தரத்தில் ஆண்கள் அடிப்பது பெரும்பாலும் இந்த வகை. 3.2 மீட்டர் உயரத்தில், மணிக்கு 100 கிலோமீட்டரில் கிடைமட்டமாக அடித்த பந்து தரையைத் தொட 0.8 விநாடி. காற்றின் இழுவையைக் கழித்தாலும் அது 19 மீட்டருக்கு மேல் போய்விடும். கோர்ட்டின் நீளமோ 18 மீட்டர். அதை உள்ளே இறக்குவது முன்சுழற்சி, அதாவது பந்தின் மேற்பக்கம் முன்னோக்கி உருளுவது. அப்படிச் சுழலும் பந்து காற்றை மேலே திருப்பிவிட்டுத் தான் கீழே அழுந்தும். ஹைன்ரிச் மேக்னஸ் 1852-ல் சோதித்துப் பார்த்த விளைவு இது. ஆனால் அந்த வளைவு சீரானது, பழகிய கண்ணுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். வேகம்தான் அதன் பலம். ஃப்ளோட் சர்வீஸ் பாதி வேகத்தில் வந்தாலும் எங்கே வரும் என்று சொல்லாது. இப்போதைய முறையில் சர்வீஸ் தவறினால் எதிரணிக்குப் புள்ளி போய்விடும் என்பதால், தவறு குறைவான ஃப்ளோட்டைத்தான் கல்லூரி அணிகள் பெரிதும் நம்புகின்றன. அதுவே சரி என்பது என் கருத்து.

இனி அந்த இரண்டாவது செட். சென்னையில் மதியத்துக்கு மேல் கிழக்கேயிருந்து கடற்காற்று உள்ளே வரும். அன்று மணிக்கு 15 கிலோமீட்டர் இருக்கும் என்பது என் கணிப்பு. பந்துக்குத் தரையைப் பற்றிக் கவலையில்லை, காற்றுக்கும் தனக்கும் இடையில் உள்ள வேகம்தான் அதற்குக் கணக்கு. 7-ஆம் நம்பர் 52 கிலோமீட்டரில் தட்டியிருந்தால், மேற்கிலிருந்து கடற்காற்றை எதிர்த்துப் போகும்போது அது 67. எல்லைக்கு மேலே கிளம்பி, எல்லையைக் கடந்து இறங்கும். கிழக்கிலிருந்து காற்றோடு போகும்போது வெறும் 37. முழு நேரமும் எல்லைக்குக் கீழே, அமைதியான படலத்தோடு போகும். ஆடுவதற்குக் காரணமே இல்லை. போதாததற்கு, கிழக்குப் பக்கம் நின்று வாங்குகிறவர்களுக்குச் சாயங்கால வெயில் நேராகக் கண்ணில் விழும். மாஸ்டர் டாஸிலேயே செட்டைச் சொன்னது இதை வைத்துத்தான்.

இங்கே ஒரு விஷயம். நம் ஊர்க் காற்று ஈரமாக இருப்பதால் கனமாக இருக்கும் என்று பல பயிற்சியாளர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். உண்மை நேர்மாறானது. நீர் மூலக்கூறின் நிறை 18, நைட்ரஜனுக்கு 28, ஆக்ஸிஜனுக்கு 32. ஈரம் ஏற ஏறக் காற்று லேசாகும். வெப்பமும் அதை லேசாக்கும். குளிர்ந்த ஊரில் ஆடுவதைவிட இங்கே பந்தைக் கொஞ்சம் கூடுதல் வேகத்தில் தட்டினால்தான் அதே ஆட்டம் கிடைக்கும்.

மூன்றாவது செட் சிவப்புக்கு, நான்காவது நீலத்துக்கு. ஐந்தாவது செட்டில் எட்டுப் புள்ளியில் பக்கம் மாறியபோது சிவப்பு அணி கிழக்கே போனது. விளக்குப் போட்டுவிட்டார்கள். வெயில் இல்லை, கடற்காற்றும் தணிந்திருந்தது. தப்படித்துக்கொண்டிருந்த பையன்களே கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டார்கள். 13-12. சர்வீஸ் போட 7-ஆம் நம்பர்.

அவள் கோட்டருகே நிற்கவில்லை. நான்கைந்து எட்டுப் பின்னால் போய், வேப்பமரத்துக்குப் பக்கத்தில் நின்றாள்.

"பாருங்க தம்பி, பாருங்க," என்று மாஸ்டர் என் முழங்கையைப் பிடித்தார்.

பின்னால் போனால் தூரம் கூடும், அதே பந்தை இன்னும் பலமாக அடித்தாலும் கோர்ட்டுக்குள் விழும். 65 கிலோமீட்டரில் அடித்து, காற்று அதில் 10-ஐக் கழித்தாலும் மிச்சம் 55. மறுபடியும் எல்லைக்கோட்டில். பந்து நேராக எங்களை நோக்கி வந்தது. விளக்கு வெளிச்சத்தில் வால்வின் கறுப்புப் புள்ளி அசையாமல் தெரிந்தது. நெட்டுக்கு மேலே வந்ததும் இடப்பக்கம் சாய்ந்தது, பிறகு வலப்பக்கம். லிபரோவின் தோளில் பட்டு எங்கள் படிக்கட்டுக்கே வந்துவிட்டது. 14-12. அடுத்த பந்து லிபரோவின் முன்னால் விழுந்தது.

கூட்டம் கலைந்த பிறகு அந்தப் பெண்ணிடம் போய், "வால்வை எந்தப் பக்கம் வெச்சு அடிக்கிறம்மா?" என்று கேட்டேன். பட்டைகள் எந்தத் திசையைப் பார்த்தபடி பறக்கின்றன என்பதைப் பொறுத்து இழுவையும் பக்கவிசையும் மாறுவதை ஜப்பானின் சுகுபா பல்கலைக்கழகத்தில் காற்றுச் சுரங்கத்தில் அளந்து காட்டியிருக்கிறார்கள். அதை மனதில் வைத்துத்தான் கேட்டேன்.

"எனக்கு நேரா, கீழ பாத்த மாதிரி வெச்சுக்குவேன் சார். வேற மாதிரி வெச்சா அவ்வளவா ஆடாது. ஒவ்வொரு பக்கமா ஒரு மாசம் அடிச்சுப் பாத்தேன்," என்றாள்.

மண் ஒட்டிய பந்தைக் கையில் வாங்கி, அவள் காட்டியபடி திருப்பி வைத்துப் பார்த்தேன். வால்வுக்கு ஒருபக்கம் பள்ளங்கள் நெடுக்காக ஓடின, மறுபக்கம் குறுக்காக.