பனியனில் பட்ட கறை: ஆண்களுக்கு வரும் மார்பகப் புற்றுநோய்

ஏற்காட்டுப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில் வேலை பார்க்கும், 60 வயதைக் கடந்த ஒருவரை, பழம் பறிப்பு முடிந்த மாசி மாதத்தில் அவருடைய மனைவி சேலத்திலுள்ள என் மருத்துவ அறைக்கு அழைத்து வந்தார். அடையாளம் தெரியக் கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அவர் தலைகுனிந்து உட்கார்ந்திருக்க, பேசியதெல்லாம் மனைவிதான். "காப்பிக் கறைன்னு நெனச்சு சோப்புப் போட்டுத் தேச்சேங்க சார். மறுவாட்டி துவைக்கறப்பவும் அதே எடத்துல இருந்துச்சுங்க" என்று சொல்லிவிட்டு, துணிப்பையிலிருந்து ஒரு பனியனை எடுத்து விரித்தார். இடப்பக்கத்தில், நாலணா அளவுக்கு, ஓரம் சிவந்த பழுப்புக் கறை.

சட்டையைக் கழற்றச் சொல்லிப் பார்த்தபோது இடது காம்பு உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. அதன் அடியில், சற்றே ஒரு பக்கமாக, புளியங்கொட்டையைவிடப் பெரிதாக ஒரு கட்டி. கல்லைப் போல இறுகியிருந்தது, அழுத்தினால் வலியும் இல்லை. அக்குளில் நெறி கட்டியிருந்தது. எத்தனை நாளாக இருக்கிறது என்று கேட்டதற்கு, "போன வருசப் பறிப்புக்கு முன்னாடியேங்க" என்றார். மூட்டை தூக்கும்போது கயிறு அழுத்தியதால் வந்த வீக்கம் என்று நினைத்து, ஓராண்டுக்கும் மேலாகப் பற்றுப் போட்டு வந்திருக்கிறார். புற்றுநோயாக இருக்கலாம் என்று நான் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி: "அது பொம்பளைங்களுக்கு வர்ற வியாதி தானுங்களே?"

இந்தக் கேள்விக்காக அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆணுக்கு இருப்பதை நாம் நெஞ்சு என்கிறோம், மார்பு என்கிறோம். மார்பகம் என்ற சொல்லைப் பெண்ணுக்கு மட்டுமே வைத்துக்கொண்டோம். ஆகவே மார்பகப் புற்றுநோய் என்று அச்சிட்ட விளம்பரத் தாளைக் கையில் கொடுத்தாலும், அதை மனைவியிடம் நீட்டிவிட்டு ஆண்கள் நகர்ந்துவிடுகிறார்கள். உண்மையில் பருவமடைவதற்கு முன் ஆணுக்கும் பெண்ணுக்கும் மார்பகத் திசு ஒன்றுபோலவே இருக்கிறது. பிறகு பெண்ணுக்கு அது வளர்கிறது, ஆணுக்குக் காம்பின் அடியில் சிறிதளவாக நின்றுவிடுகிறது. சிறிதளவானாலும் அது மார்பகத் திசுதான், பால்நாளங்களும் அதில் உண்டு, அந்த நாளங்களில்தான் ஆண்களின் கட்டிகளில் பெரும்பாலானவை தொடங்குகின்றன.

மார்பகப் புற்றுநோய் வரும் 100 பேரில் ஏறத்தாழ ஒருவர் ஆண். அரிதான நோய்தான், மறுக்கவில்லை. ஆனால் என்னை வருத்துவது வேறு: ஆணின் நெஞ்சில் சதை குறைவு என்பதால் சிறு கட்டியும் கைக்கு எளிதில் தட்டுப்படும், அப்படியிருந்தும் பெண்களைவிட முற்றிய நிலையிலேயே ஆண்கள் வந்து சேர்கிறார்கள். திசு மெல்லியது என்பதால் கட்டி சீக்கிரமே காம்பையும் தோலையும் பற்றிவிடுகிறது. காம்பு உள்வாங்குதல், அதிலிருந்து நீரோ இரத்தமோ கசிதல், ஆறாத புண், தோல் குழிதல், அக்குளில் நெறி ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அந்த வாரமே மருத்துவரிடம் காட்ட வேண்டும். 60 வயதுக்கு மேல்தான் இது அதிகம். குடியாலோ வேறு காரணத்தாலோ கல்லீரல் சுருங்கியவர்களுக்கும், உடல் பருத்தவர்களுக்கும் பெண்களுக்கு அதிகம் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் கூடுவதால் ஆபத்து உயர்கிறது.

நெஞ்சில் வரும் வீக்கமெல்லாம் புற்றுநோய் அல்ல. கொலுசுப் பட்டறையில் வேலை செய்யும் ஒரு பையன் சட்டைக்குள் இறுக்கமான பனியன் போட்டு மறைத்துக்கொண்டு வந்தான். அவனுக்கு இருந்தது வளரிளம் பருவத்தில் இரு பக்கமும் வரும் சாதாரண வீக்கம், பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளில் தானே வடிந்துவிடும். சில இதய மாத்திரைகளாலும், உடற்பயிற்சிக் கூடங்களில் போட்டுக்கொள்ளும் ஸ்டீராய்டு ஊசிகளாலும் இப்படி வரலாம். ஆனால் எது எது என்பதை வீட்டிலிருந்து முடிவு செய்ய முடியாது.

கையால் பரிசோதித்து, மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரேயும் அல்ட்ராசவுண்டும் எடுத்து, ஊசியால் சிறிது சதை எடுத்துச் சோதித்தால் தெரிந்துவிடும். ஊசி குத்தினால் நோய் பரவிவிடும் என்ற அச்சம் எங்கள் பக்கத்தில் பலமாக இருக்கிறது. அந்த அச்சத்தால் தள்ளிப்போடும் மாதங்களில்தான் நோய் பரவுகிறது. தோட்டத்திலிருந்து வந்தவருக்குப் புற்றுநோய் என்று உறுதியானதால் மார்பகத்தையும் அக்குள் நெறிகளையும் அகற்றினோம். ஆண்களின் மார்பகப் புற்றுக்கட்டிகளில் 10-ல் 9 ஹார்மோனின் தூண்டுதலால் வளர்பவை. அவருடையதும் அப்படியே என்பதால், மற்றச் சிகிச்சைகளுக்குப் பின், அந்தத் தூண்டுதலைத் தடுக்கும் டமாக்சிஃபென் மாத்திரையைக் குறைந்தது 5 ஆண்டுகள் சாப்பிட வேண்டும்.

அவருடைய அக்காவும் மார்பில் கட்டி வந்து இறந்தவர் என்பது அறுவை சிகிச்சைக்குப் பிறகுதான் வெளிவந்தது. குடும்பத்தில் இந்த நோய் தொடர்வதற்குக் காரணமாகக்கூடிய பிஆர்சிஏ2 என்ற மரபணு, ஆண் பெண் இருவருக்கும் பொதுவான 13-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. அதில் கோளாறு இருந்தால் தகப்பனிடமிருந்து மகனுக்கும் மகளுக்கும் சரிபாதி வாய்ப்பில் அது இறங்கும். ஆகவே ஆணுக்கு வந்த நோய் அவரோடு முடிகிற செய்தி அல்ல, அவர் பெற்ற பிள்ளைகளுக்கான எச்சரிக்கை. அவருக்கு இரண்டு பெண்கள், இளையவளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விஷயம் வெளியே தெரிந்தால் சம்பந்தம் கைநழுவிப் போகுமே என்று மனைவி அழுதார். அந்தப் பயத்தை நான் சிறிதாக எண்ணவில்லை. மரபணுச் சோதனை ஒரு இரத்தப் பரிசோதனைதான், முடிவை நாங்கள் யாருக்கும் சொல்ல மாட்டோம் என்று மட்டும் சொன்னேன்.

தையல் பிரிக்க வந்த அன்று இரண்டு பெண்களையும் அவரே கூட்டி வந்திருந்தார். சட்டையின் பொத்தான்களைக் கழற்றி, தழும்பை அவர்களிடம் காட்டிவிட்டு, "இவங்களுக்கும் பாத்துருங்க சார்" என்றார்.